பிணவறை வாசலில் கையெழுத்துப் போடாதீர்கள்

கட்டடச் சாரம் சரிந்து கொத்தனார் ஒருவர் இறந்துபோகிறார். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்காருகிறார்கள். காவல்துறை வருகிறது, உள்ளூர்க் கட்சிக்காரர் வருகிறார், கான்ட்ராக்டரின் ஆள் வருகிறார். பொழுது சாய்வதற்குள் ஒரு தொகை பேசி முடிக்கப்படுகிறது. முத்திரைத்தாளில் “இனி எந்த வழக்கும் தொடர மாட்டோம்” என்று எழுதி, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் நிலையில் இல்லாத மனைவியிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் நாளிதழில் “பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டதையடுத்து உடல் ஒப்படைக்கப்பட்டது” என்று நான்கு வரி வருகிறது. சிவகாசிப் பட்டாசு விபத்தானாலும் ஒசூர்ப் பட்டறை விபத்தானாலும் இந்த நான்கு வரி மாறுவதில்லை. இழப்பீட்டைப் பொறுத்தவரை அந்த உடன்பாட்டுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. இது கையெழுத்துப் போட்ட குடும்பத்துக்கும் தெரிவதில்லை, பக்கத்தில் நின்று போடச் சொன்ன இன்ஸ்பெக்டருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால், இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது, இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. “பழைய சட்டம் போய்விட்டது, இனி ஒன்றும் கிடைக்காது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. தொகை எவ்வளவு என்பதும் பேரம் பேசுகிறவரின் பெருந்தன்மையைப் பொறுத்ததல்ல. மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ப அட்டவணையில் உள்ள காரணியால் பெருக்க வேண்டும். காரணி 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய வரம்பை வைத்துப் பார்த்தால், அந்த அளவு சம்பாதித்த 40 வயதுத் தொழிலாளியின் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய் வர வேண்டும். பிணவறை வாசலில் பேசி முடிக்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“அவன் மேல்தான் தப்பு, பெல்ட் போடச் சொன்னோம், போடவில்லை” என்பது அங்கே கேட்கும் முதல் வாதம். “குடித்திருந்தான்” என்பது இரண்டாவது. பிழைத்துக்கொண்டவரின் சிறு காயத்துக்கு வேண்டுமானால் இவை முதலாளிக்கு உதவலாம். மரணத்திலும், நிரந்தரமாக முழு ஊனம் ஆகிவிட்டாலும் இந்த இரண்டு வாதங்களுக்கும் சட்டத்தில் இடமில்லை. யார் தவறு என்று கேட்காமல் இழப்பீடு கொடுப்பதற்காகவே எழுதப்பட்ட சட்டம் இது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் போலீஸ் போடும் குற்ற வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வழக்கில் முதலாளி விடுதலை ஆனாலும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது.

அடுத்த வாதம், “அவன் எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரி கூட்டி வந்த ஆள்” என்பது. இதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. தன் தொழிலின் ஒரு பகுதியைக் கான்ட்ராக்டரிடம் விட்ட நிறுவனம், கான்ட்ராக்டரின் ஆளுக்கும் தானே இழப்பீடு கட்டிவிட்டுப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே இழப்பீட்டு ஆணையரிடம் கொடுக்கும் மனுவில் மேஸ்திரி, கான்ட்ராக்டர், கட்டுமான நிறுவனம் எல்லாரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். மேஸ்திரியை மட்டும் சேர்த்து ஜெயித்து, வசூலிக்க ஒன்றுமில்லாமல் உத்தரவை வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். தான் குடியிருக்க வீடு கட்டுகிறவருக்குக் கட்டுமானம் தொழிலல்ல, அதனால் இந்தப் பொறுப்பு அவர்மேல் எளிதில் விழாது. அங்கே கான்ட்ராக்டரைத்தான் பிடிக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய உதவிக்கும் உடனே விண்ணப்பிக்க வேண்டும். நலவாரியப் பணம் வேறு, முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடும் என்று சொல்லி அனுப்பும் ஊழியர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்த வழக்குகள் தோற்பது சட்டத்தால் அல்ல, முதல் சில நாட்களில் உருவாகும் காகிதங்களால். அதில் முதலாவது முதல் தகவல் அறிக்கை. எந்த இடத்தில், யாருடைய வேலையில், என்ன செய்துகொண்டிருந்தபோது விபத்து நடந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “மயங்கி விழுந்து இறந்தார்” என்று மட்டும் எழுதி, சந்தேக மரணமாகப் பதிந்து கோப்பை மூடுவது காவல் நிலையங்களுக்குக் கைவந்த கலை. புகாரை எழுதிக் கொடுப்பது குடும்பத்தாரின் வேலை, ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். மருத்துவமனையில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது பதியப்படும் விபத்துப் பதிவேட்டிலும் இதே கவனம் வேண்டும். சேர்த்துவிட்டவர் கம்பெனி ஆளாக இருந்தால் “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று பதிந்திருக்கலாம், அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கும் வாரிசுச் சான்றிதழ், வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழோ ஆதாரோ தேவை. வயதுச் சான்று எதுவும் இல்லாவிட்டால் பிரேதப் பரிசோதனையில் தோராயமாக எழுதிய வயதே நிற்கும். அதில் ஐந்து வயது கூடினால் இழப்பீடு குறையும்.

வேலை செய்ததற்கும் கூலிக்கும் ஆதாரம் இல்லையே என்பதுதான் பலர் பின்வாங்கும் இடம். சம்பளச் சீட்டு இல்லை, உண்மைதான். ஆனால் மேஸ்திரி போன் வழியாக அனுப்பிய பணத்தின் பதிவு இருக்கும், வங்கிப் புத்தகம் இருக்கும், வருகை எழுதிய நோட்டு இருக்கும், “நாளைக்கு எந்த சைட்” என்று கேட்ட வாட்ஸ்அப் குரல்பதிவு இருக்கும். இறந்தவரின் செல்போனை உறவுக்காரப் பையனிடம் கொடுத்து அழித்துவிடாதீர்கள், பல வழக்குகளில் மிஞ்சும் ஒரே சாட்சி அதுதான். உடன் வேலை செய்தவர்களின் பெயரும் எண்ணும் முதல் வாரத்திலேயே எழுதி வைக்க வேண்டும். வெளிமாநிலத்தார் என்றால் அடுத்த வாரம் அவர்கள் ஊரில் இருப்பார்கள். கூலி எவ்வளவு என்பது எந்த வகையிலும் தெரியவராவிட்டால், அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துக் கணக்கிடும்படி கேட்கலாம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் மிக அதிகமாகத் தடுமாறுகிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறார்கள். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், “உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்ற கடிதத்தோடு நின்றுவிடும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் கொடுக்கிறார்கள். அவர்கள் முதலாளிமேல் பாதுகாப்பு மீறலுக்கு வழக்குப் போடலாம், குடும்பத்துக்குப் பணம் வாங்கித் தர முடியாது. தொழிலாளர் நீதிமன்றமும் இதற்கான இடமல்ல. தமிழ்நாட்டில் போக வேண்டியது தொழிலாளர் துறையின் இணை ஆணையரோ துணை ஆணையரோ உள்ள அலுவலகம். இழப்பீட்டு ஆணையராக இருந்து விசாரிப்பவர் அவர்தான். உங்கள் மாவட்டம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் இடத்திலும் மனு போடலாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். வெளிமாநிலத்தவரின் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியதோடு கதை முடிந்தது என்று நினைக்கும் முதலாளிகளுக்கு, குடும்பம் தன் ஊரிலிருந்தே மனு போடலாம் என்ற இந்த விதி தெரிவதில்லை. குடும்பங்களுக்கும் தெரிவதில்லை என்பதுதான் அந்த முதலாளிகளுடைய அதிர்ஷ்டம்.

மனுவில் விபத்தின் நாள், இடம், விதம், வேலையின் தன்மை, மாதக் கூலி, வயது, எதிர்மனுதாரர்களின் முழு முகவரி, காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் எல்லாம் வேண்டும். மனு போடுவதற்கு முன்பே, விபத்து பற்றி முதலாளிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஓர் அறிவிப்பு அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மனு போடக் கால வரம்பு இரண்டு ஆண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம்தான், ஆனால் அந்த மன்னிப்பை நம்பி இருக்காதீர்கள். முதலாளி “பார்த்துச் செய்கிறேன்” என்று இழுத்தடிப்பது பல நேரம் இந்த இரண்டு ஆண்டைக் கடத்துவதற்காகத்தான்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பிள்ளைக்கு நாளைக்கே பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், கையில் வருவதை வாங்கிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? மனுவை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருந்தது காகிதத்தோடு சரி. ஒரே அதிகாரிக்குப் பத்து வேலையைக் கொடுத்துவிட்டு, இழப்பீட்டு விசாரணையை வாய்தாவில் ஓட்டும் அரசின்மேல்தான் அந்தக் குற்றம். ஆனால் அவசரத் தேவைக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. இறந்தவரின் மூன்று மாத ஊதியம் வரை குடும்பத்துக்கு முன்பணமாக முதலாளி தரலாம், பிறகு அதை இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே பணம் கொடுத்தால் வாங்குங்கள், ரசீதில் “முன்பணம், இறுதித் தீர்வு அல்ல” என்று உங்கள் கையால் எழுதுங்கள். தாமதமும் முதலாளிக்கு இலவசமல்ல. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி ஏறும், நியாயமற்ற தாமதத்துக்குத் தொகையில் பாதி வரை அபராதம் விழலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் இதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: மரண வழக்கில் அந்தத் தாள் உங்களைக் கட்டுப்படுத்தாது. இரண்டு ஆண்டு முடியவில்லை என்றால் மனு போடுங்கள்.

உயிர் தப்பியவர்களை ஏமாற்றுவது இதைவிட அமைதியாக நடக்கிறது. பிரஸ்ஸில் கட்டை விரல் போனால் மருத்துவச் செலவைக் கட்டிவிட்டுக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்புவது பட்டறைகளின் வழக்கம். சட்ட அட்டவணைப்படி கட்டை விரல் இழப்பு 30 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் இழப்பு. 15,000 ரூபாய் சம்பளமுள்ள 30 வயதுக்காரருக்கு இது 5,61,546 ரூபாய், மருத்துவச் செலவு தனி. அட்டவணை விழுக்காடும் இறுதியல்ல. இடது கையை இழந்த ஒரு தச்சர், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருடைய இழப்பு முழு ஊனமே என்று 1976இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவரிடம் சான்று வாங்கும்போது, என்ன வேலை செய்கிறீர்கள், அதை இனிச் செய்ய முடியுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உடன்பாடு பேசினாலும் அதை ஆணையரிடம் பதிவு செய்யாமல் பணம் வாங்கி முடித்துக்கொள்ளாதீர்கள்.

சில வழக்குகள் வேறு வாசலுக்குப் போக வேண்டியவை. ஈ.எஸ்.ஐ. பொருந்தும் தொழிற்சாலையில், மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் உள்ளவர் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு அங்கே மாதாமாதம் உதவித்தொகை உண்டு. முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காக அதை மறுக்க முடியாது. லாரி டிரைவர் விபத்தில் இறந்தால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம், இழப்பீட்டு ஆணையர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தவறு அவர்மேலேயே இருந்தால் ஆணையர்தான் வழி. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களுக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று உத்தரவிட்டது. அதற்கு முந்தைய 10 லட்சத்தைச் சொல்லி அனுப்பிவிடும் அதிகாரியிடம் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு கொடுத்தால் சிறு முதலாளி தெருவுக்கு வந்துவிடுவார் என்பார்கள். காப்பீடு எடுக்காதவர் வரத்தான் செய்வார். ஊழியர் இழப்பீட்டுக்கென்றே பாலிசி உண்டு, அதன் பிரீமியம் ஒரு மரணத்தின் இழப்பீட்டோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. தாமதத்துக்கான அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டாது என்பதையும் முதலாளிகள் தெரிந்துகொள்வது நல்லது.

உத்தரவு வந்த பிறகும் அசராதீர்கள். முதலாளி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் முதலில் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் போகாமல் பணமும் கட்டாமல் இருந்தால், நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லி ஆணையரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அனுப்பும் வசூல் சான்றிதழ் ஆட்சியர் அலுவலகம் வழியாகத் தாலுகா அலுவலகத்துக்குப் போய் அங்கே தூங்கும். அதன் எண்ணையும் தேதியையும் ஆணையர் அலுவலகத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, தாசில்தாரிடம் அந்த எண்ணைப் போட்டு எழுத்து மூலம் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.