விடைக்கோழி எப்போது முட்டையிடும்?

"ஐந்து மாதமாகிவிட்டது, ஒரு முட்டைகூட இல்லை, விற்றுவிடலாமா?" கோழி வளர்க்கும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. சகோதரிகளே, அவசரப்படாதீர்கள். பண்ணை லெகார்ன் கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கு ஆறேழு மாதம் ஆவது இயல்புதான்.

கொண்டையும் தாடியும் சிறுத்து வெளிறியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அவை சிவந்து பெருத்து, முதுகில் கை வைத்ததும் கோழி பதுங்கி உட்கார்ந்தால் முட்டை நெருங்கிவிட்டது. மறைவான மூலையில் வைக்கோல் பரப்பிய கூடை வையுங்கள். மேயும் கோழி வேலியோரத்திலோ விறகுக் குவியலிலோ ஏற்கெனவே இட்டிருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கம்பு, தவிட்டோடு பூசணம் பிடிக்காத பிண்ணாக்கும் கீரையும் கொடுங்கள். கிளிஞ்சல் தூளை முட்டைக் காலம் நெருங்கும்போது தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். வளரும் குஞ்சுக்கு அது மிகுந்தால் சிறுநீரகம் கெடும். குடற்புழு மருந்து, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

முதல் முட்டைகள் சிறிதாகவும், சில தோல்முட்டையாகவும் இருக்கும். போகப் போகச் சரியாகும்.

இத்தனை மாதம் தீனி போட்ட கோழியை முட்டைக்கு முந்தின வாரம் கறி விலைக்கு விற்றால், இழப்பு பிள்ளைகளின் தட்டுக்குத்தான்.