பலகை மாறினால் பலன் மாறுமா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. தன் திறமைக் குறைவை மறைப்பதற்காகப் பிறவற்றின்மீது பழி போடுபவரை இடித்துரைக்க இப்பழமொழியைக் கூறுவர். ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? குறை ஆடுபவரிடம் உள்ளதா, கூடத்தில் உள்ளதா என்பதை எப்படிக் கண்டறிவது? நீர்ச்சறுக்கு விளையாட்டின் ஸ்லாலம் பிரிவில் போட்டியிடும் தொழில்முறை வீரர்கள் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய சறுக்குப் பலகையைக் கைவிட்டு, வேறொரு நிறுவனத்தின் பலகைக்கு மாறலாமா என்பதே அவர்களின் கேள்வி. அவர்கள் எடுக்கும் முடிவு வெற்றியை மட்டுமன்றி வருமானத்தையும் பாதிக்கக்கூடியது.

நீர்ச்சறுக்கு விளையாட்டு பிறந்ததே பலகையை மாற்றி மாற்றிப் பார்த்த ஓர் இளைஞரால்தான். 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்பவர், பனியில் சறுக்க முடியுமானால் நீரிலும் சறுக்க முடியும் என்று எண்ணினார். அப்போது அவருக்கு வயது 18. முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு முயன்றார், மூழ்கினார். பிறகு, பனிச்சறுக்குப் பலகைகளைப் பயன்படுத்தினார், அவையும் கைகொடுக்கவில்லை. இறுதியில், இரண்டு மரப்பலகைகளை வாங்கி, அவற்றின் நுனிகளைக் கொதிநீரில் மென்மையாக்கி மேல்நோக்கி வளைத்தார். அந்தப் பலகைகளே அவரை நீரின்மேல் நிற்க வைத்தன. அவருடைய மனவுறுதியோடு பொருத்தமான பலகையும் சேர்ந்த பிறகே வெற்றி கிட்டியது.

இன்று இவ்விளையாட்டு உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. 2017ஆம் ஆண்டு மலேசியா ஏற்று நடத்திய சீ விளையாட்டுப் போட்டியின்போது நீர்ச்சறுக்குப் போட்டிகள் புத்ராஜெயாவில் நடைபெற்றன. இவ்விளையாட்டின் பிரிவுகளுள் ஒன்றான ஸ்லாலத்தில் வீரர் ஒரே பலகையில் இரு பாதங்களையும் முன்பின்னாகப் பதித்துக்கொள்வார். விசைப்படகு ஒன்று அவரைக் கயிற்றால் இழுத்துச் செல்லும். படகு நேர்கோட்டில் செல்ல, வீரர் வலமும் இடமுமாக அமைந்த ஆறு மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும்.

இப்பந்தயத்தின் கடுமையை எண்களால் உணரலாம். தொடக்க வாயிலிலிருந்து இறுதி வாயில் வரை பாதையின் நீளம் 259 மீட்டர். ஒவ்வொரு மிதவையும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி அமைந்திருக்கும். ஆண்கள் பிரிவில் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். பெண்கள் பிரிவில் 55 கிலோமீட்டர். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் முழுப் பாதையையும் கடக்க ஏறத்தாழ 16 வினாடிகளே ஆகும். ஒரு மிதவையிலிருந்து அடுத்த மிதவைக்குச் செல்ல வீரருக்குக் கிடைப்பது இரண்டரை வினாடிதான். அதற்குள் அவர் படகு எழுப்பும் அலையைக் கடந்து, மறுபக்கம் சென்று, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும்.

ஆறு மிதவைகளையும் வெற்றிகரமாகச் சுற்றிவிட்டால், அடுத்த சுற்றில் கயிற்றின் நீளம் குறைக்கப்படும். 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு, படிப்படியாக 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 மீட்டர் எனக் குறைந்துகொண்டே வரும். இங்கே ஒரு புதிர் எழுகிறது. மிதவை இருப்பதோ 11.5 மீட்டர் தொலைவில். கயிற்றின் நீளமோ 9.75 மீட்டர்தான். அப்படியானால் கயிறு மிதவையை எட்டவே எட்டாது அல்லவா? எஞ்சியுள்ள இடைவெளியை வீரர் தம் உடலால்தான் நிரப்ப வேண்டும். கையை முழுமையாக நீட்டி, உடலை நீர்மட்டத்தை நோக்கிச் சாய்த்து, கால்களுக்குக் கீழுள்ள பலகையை மிதவைக்கு வெளியே செலுத்த வேண்டும். அந்நிலையில் பலகை சற்றே தாமதமாகத் திரும்பினாலும் அவருடைய ஆட்டம் முடிந்துவிடும்.

இதனால், முன்னணி வீரர்களுக்கிடையிலான வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும். ஒரு மிதவையைச் சுற்றிய பிறகு வீரர் எவ்வளவு தூரம் கட்டுப்பாட்டுடன் திரும்பினார் என்பதைப் பொறுத்துக் கால், அரை என்றும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க வீரர் நேட் ஸ்மித், 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவைகளைக் கடந்து உலகச் சாதனை படைத்தார். அச்சாதனை பல ஆண்டுகள் நிலைத்து நின்றது. உச்ச நிலையில் அரை மிதவை முன்னேறுவதற்கே ஆண்டுக்கணக்கான உழைப்பு தேவைப்படுகிறது. எனவே, வேறொரு பலகை தமக்கு அந்த அரை மிதவையைப் பெற்றுத் தரக்கூடும் என்ற எண்ணம் வீரர்களுக்கு எழுவது இயல்பே.

பார்வைக்கு எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலவே தோன்றும். பெரியவர்களுக்கான ஸ்லாலம் பலகை பெரும்பாலும் 165 முதல் 175 சென்டிமீட்டர் வரை நீளமுடையது. தொடக்கத்தில் மரத்தால் செய்யப்பட்ட பலகைகள், பின்னர் கண்ணாடியிழையாலும் நுரைப்பொருளாலும் செய்யப்பட்டன. இன்றைய போட்டிப் பலகைகள் எடை குறைந்த, உறுதியான கரிமயிழையால் செய்யப்படுகின்றன. எனினும், அவற்றின் வடிவமைப்பு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். பலகை முனையிலிருந்து முனைவரை எவ்வளவு வளைந்துள்ளது, அழுத்தத்திற்கு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது, அதன் அடிப்பகுதி எவ்வளவு குழிந்துள்ளது, விளிம்புகள் எவ்வளவு கூர்மையாக உள்ளன என்பவை எல்லாம் அதன் போக்கைத் தீர்மானிக்கின்றன.

ஆனால், எல்லா நன்மைகளும் ஒரே பலகையில் அமைவதில்லை. நீளவாக்கில் அதிகம் வளைந்த பலகை எளிதாகத் திரும்பும். ஆனால், அதன் வேகம் குறையும். தட்டையான பலகை அலையை விரைவாகக் கடக்கும். ஆனால், மிதவைக்கு அருகில் அதன் வேகத்தைத் தணிப்பது கடினம். ஆகவே, ‘மிகச் சிறந்த பலகை எது?’ என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. உயரம், எடை, நிற்கும் பாங்கு, திரும்பும் முறை ஆகியவை வீரருக்கு வீரர் வேறுபடும். ஒருவரை வெற்றி மேடையில் ஏற்றிய பலகை மற்றொருவரை நீரில் கவிழ்த்துவிடக்கூடும்.

இங்கு நிறுவனத்தின் பெயரைவிட வடிவமைப்பே முக்கியம் என்பதற்குப் பலகை உருவாக்குநர்களின் வரலாறே சான்றாகும். ஹெர்ப் ஓபிரையன் என்ற அமெரிக்கர் முதலில் தம் பெயரிலேயே ஓபிரையன் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் எச்.ஓ. நிறுவனத்தையும், அதன்பின் ராடார் நிறுவனத்தையும் உருவாக்கினார். ஒரே மனிதரின் அனுபவம் மூன்று பெயர்களில் சந்தைக்கு வந்தது. பிரிட்டனில் பிறந்த ஆண்டி மேப்பிள், ஸ்லாலம் பிரிவில் பலமுறை உலகச் சாதனை படைத்தவர். ஓபிரையன் நிறுவனம் அவருடைய பெயரில் பலகைகளை விற்பனை செய்தது. பின்னாளில் அவர் பிறருடைய பலகைகளைச் சார்ந்திராமல், சொந்த நிறுவனத்தைத் தொடங்கித் தாமே பலகைகளை வடிவமைத்தார்.

பலகையை மாற்றுவது கடையில் வேறொரு காலணியை வாங்குவது போன்றதன்று. அதற்கு வீரர்கள் மூன்று வகையான விலையைக் கொடுக்க நேரிடும். முதலாவது, உடலின் பழக்கம். ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்த உடல், எந்தக் கணத்தில் எவ்வளவு சாய வேண்டும் என்பதைச் சிந்திக்காமலேயே செய்யும். புதிய பலகையில் அந்தக் கணக்கு பொருந்தாது. பழைய பழக்கத்தை விட்டுப் புதியதைக் கற்க வாரங்கள் அல்லது மாதங்கள் ஆகலாம்.

இரண்டாவது, காலம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் யாரா ஆற்றில் மூம்பா மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறும். மே மாத இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறும். போட்டிக் காலத்தின் நடுவில் பலகையை மாற்றுபவர் முக்கியமான போட்டிகளையே பயிற்சிக் களமாக்க நேரிடும்.

மூன்றாவது, ஆதரவு. நீர்ச்சறுக்கில் கிடைக்கும் பரிசுத் தொகை டென்னிஸ், காற்பந்து போன்ற விளையாட்டுகளோடு ஒப்பிடத்தக்கதன்று. எனவே, பலகை நிறுவனங்கள் இலவசமாக வழங்கும் பலகைகளும் அளிக்கும் உதவியும் வீரர்களுக்குப் பெரிதும் தேவைப்படுகின்றன. நிறுவனத்தை விட்டு விலகினால் அந்த ஆதரவும் நின்றுவிடும். இதற்கு மாறாக, வேறொரு நிறுவனம் கூடுதல் ஆதரவு தருகிறது என்பதற்காகத் தமக்குப் பொருந்தாத பலகைக்கு மாறினால், ஆட்டத்தின் தரமே குன்றிவிடலாம்.

இவற்றோடு மற்றோர் இடரும் உண்டு. ‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்பது புதிய பலகைக்கும் பொருந்தும். புதிய பலகையில் ஏறிய முதல் சில நாள்களில் பலர் வழக்கத்தைவிடச் சிறப்பாகச் சறுக்குவதுண்டு. புதுக் கருவி என்பதால் அவர்களின் கவனமும் உற்சாகமும் கூடியிருக்கும். சில வாரங்களுக்குப் பின் கவனம் தளர்ந்ததும், உடலில் ஊறிய பழைய தவறுகள் மீண்டும் தலைகாட்டும். முதல் வாரத்துப் புள்ளிகளை மட்டும் நம்பிப் பலகையை மாற்றியவர், அப்போது அதன்மீதும் குறை காணத் தொடங்குவார். பின்னர், அடுத்த பலகையைத் தேடிப் புறப்படுவார்.

இவ்வலையில் சிக்காமல் இருக்க, திறன்மிக்க வீரர்கள் அறிவியல் சோதனை செய்பவரைப் போலவே செயல்படுகின்றனர். பலகையை மாற்றுவதற்கு முன்னர், இருக்கும் பலகை சரியாகப் பொருத்தப்பட்டுள்ளதா என்பதை ஆராய்கின்றனர். ஸ்லாலம் பலகையின் பின்முனைக்குக் கீழே மீனின் துடுப்பைப் போன்ற ஓர் உலோகத் தகடு இருக்கும். பலகை நீரைப் பற்றிக்கொண்டு திரும்புவதற்கு அத்தகடே துணைபுரிகிறது. அதன் ஆழம், நீளம், பின்முனையிலிருந்து அது அமைந்துள்ள தூரம் ஆகியவற்றை மாற்றியமைக்கலாம். வீரர்கள் இவற்றை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக அளக்கின்றனர். அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவானது. இத்தகைய சில நுண்ணிய மாற்றங்களே பலகையின் போக்கை மாற்றிவிடும். பாதங்களைப் பதிக்கும் காலணியைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினாலும் வேறுபாடு தெரியும். புதிய பலகை தேவைப்படுவதாக நினைத்த சிலருக்கு, உண்மையில் தேவைப்பட்டது சரியான பொருத்தம் மட்டுமே.

அதன்பின்னும் குறை நீங்கவில்லையென்றால், அவர்கள் புதிய பலகையைச் சோதிக்கின்றனர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இச்சோதனையின் அடிப்படை விதி. பலகை, காலணி, பயிற்சி முறை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், முன்னேற்றத்திற்கோ பின்னடைவுக்கோ எது காரணம் என்று கூற இயலாது. சூழலும் இயன்றவரை ஒன்றாக இருக்க வேண்டும். நீரின் வெப்பநிலை மாறினால் பலகை நீரில் அமரும் விதமும் மாறும். காற்றின் திசையும் ஆட்டத்தைப் பாதிக்கும். படகின் வேகத்தைச் செயற்கைக்கோள் உதவியுடன் சீராக வைத்திருக்கும் கருவிகள் இப்போது இருப்பதால், ஒப்பீடு முன்பைவிட நம்பகமாகியுள்ளது.

மேலும், ஒருநாள் கிடைத்த உச்சப் புள்ளியைவிடப் பல நாள்களின் சராசரியே முக்கியம். ஒரு பலகை ஒரு முறை அரிய சாதனையைத் தந்து, மற்ற நாள்களில் ஏமாற்றலாம். மற்றொரு பலகை அத்தகைய சாதனையைத் தராவிட்டாலும், நாள்தோறும் ஒரே தரத்தில் ஒத்துழைக்கலாம். போட்டியில் வீரருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை. ஒருமுறை மிதவையைத் தவறவிட்டாலே ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே, வீரர்கள் ஒவ்வொரு பயிற்சியின் முடிவையும் குறிப்பேட்டில் பதிவு செய்து, சராசரியை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

பொறுமையாக மாறியவர் பயனடைந்ததற்கு டென்னிஸ் உலகிலும் சான்று உண்டு. சுவிட்சர்லாந்து வீரர் ரோஜர் ஃபெடரர் பல ஆண்டுகளாக 90 சதுர அங்குலப் பரப்புள்ள மட்டையைப் பயன்படுத்தி வந்தார். 2013ஆம் ஆண்டில் அவர் 98 சதுர அங்குல மட்டையைச் சோதித்துப் பார்த்தார். ஹம்பர்க், குஷ்டாட் ஆகிய இரு போட்டிகளிலும் தம்மைவிடத் தரவரிசையில் மிகவும் பின்தங்கியவர்களிடம் தோற்றார். உடனே பழைய மட்டைக்கே திரும்பினார். எனினும், முயற்சியைக் கைவிடவில்லை. போட்டிகள் இல்லாத காலத்தில் மீண்டும் பயிற்சி செய்து, 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 97 சதுர அங்குல மட்டைக்கு மாறினார். அம்மாற்றத்திற்குப் பின், 2017ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பொதுவிருதை வென்றார். புதிய மட்டை மட்டுமே அவ்வெற்றியைத் தரவில்லை. ஆயினும், அவசரத்தில் செய்த மாற்றத்திற்கும் காலம் ஒதுக்கிச் செய்த மாற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்வு காட்டுகிறது.

கருவியைக் குறை கூறுவது எப்போதும் தவறன்று. ஆராயாமல் குறை கூறுவதே தவறு. தம் நுட்பத்தில் உள்ள பிழைகளை முதலில் திருத்தி, கையிலுள்ள கருவியைச் சரியாகப் பொருத்திப் பார்த்து, பதிவுகளை ஒப்பிட்ட பின்னரும் முன்னேற்றம் இல்லையெனில், பழைய பலகைமீதுள்ள பற்றைத் துறக்கும் துணிவும் வீரருக்கு வேண்டும். அத்துணிவோடு, புதிய பலகையில் முதல் சில வாரங்கள் நீரில் விழுந்து எழும் பொறுமையும் வேண்டும். அரை மிதவை முன்னேற்றம் அதன் பின்னரே கைகூடும்.