அந்தப் 14 நாட்கள் எதற்கு?

கொவிட் பரவிய 2020இல், கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் பிள்ளைகளை எதிர்பார்த்திருந்த கல்முனை, மருதமுனை உம்மாமாருக்கு ஒரு கேள்வி இருந்தது. "நோய் இல்லை என்று சோதனையில் வந்துவிட்டதே, பிள்ளையை ஏன் இன்னும் விடவில்லை?"

நியாயமான கேள்விதான், சகோதரிகளே! மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனை, அன்று அங்கே கிருமி இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். நேற்று விமானத்தில் தொற்றியிருந்தால் இன்று பெரும்பாலும் பிடிபடாது. பலருக்கு ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும். சிலருக்கு 14 நாள் வரை செல்லும். அந்தக் கணக்கில்தான், 2020 மார்ச்சில் இத்தாலி, தென்கொரியா, ஈரானிலிருந்து வந்தவர்களை நமது அயல் மாவட்டத்துப் புணானைக்கும் கந்தக்காட்டுக்கும் கொண்டுபோனார்கள். இதற்கான சட்டமோ 1897ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது!

14 நாளைப் பொறுத்துக்கொள்ளலாம். மார்ச் 19 முதல் பயணிகள் வருகைக்கு விமான நிலையம் மூடப்பட, வேலையிழந்தும் ஊர் திரும்ப வழியின்றி மாதக்கணக்கில் காத்திருந்தார்களே, அதுதான் கொடுமை.

முகாம் முடிந்தும், வீட்டில் மேலும் 14 நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில், ஒரே கழிவறையை மூத்தம்மாவும் பேரனும் பாவிக்கும்போது ஒதுங்குவது எங்கே? முதல் 14 நாள் முகாமில் கழிந்தது இத்தகைய வீடுகளுக்குத்தான் பெரிய காவலாயிற்று.