வடக்கிருத்தலும் இன்றைய அவசரமும்

வீரம் என்ற பெயரில்

சங்க காலத்தில் உயிர்விடத் துணிந்து உண்ணாதிருப்பதை வடக்கிருத்தல் என்றார்கள். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், பெற்ற மக்களோடு பகைத்த கோப்பெருஞ்சோழன் என்று புறநானூறு சிலரைக் காட்டுகிறது. இதை வைத்து, மானம் போனால் உயிர்விடுவதே தமிழர் மரபு என்று சிலர் இன்றும் பேசுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. வடக்கிருத்தல் ஊரறிய, நாட்கணக்கில், சான்றோர் சூழ நடந்தது. சோழன் மக்கள்மேல் படையெடுத்தபோது குறுக்கே நின்று தடுக்கப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் இருந்தார். இன்றைய சாவுகள் பலவும் கடனோ சண்டையோ தேர்வு முடிவோ கிளப்பிய கொந்தளிப்பில், தடுக்க ஆளில்லாத நேரத்தில் நேர்கின்றன. மனச்சோர்வும் குடியும் பலவற்றின் பின்னால் இருக்கின்றன. சிகிச்சை தேவைப்படும் துயரத்துக்கு வீரப்பட்டம் கட்டினால், அதே துயரத்தில் இருக்கும் இன்னொருவருக்கு அது தூண்டுதலாகிவிடும்.

பெண்ணாடத்தில் ஒரு விண்ணப்பம்

சமணத்தில் இருந்த உடலோடு உயிர்வாழத் தரியேன் என்று, சைவத்துக்குத் திரும்பிய அப்பர் சிவனிடம் முறையிட்ட தலம் பெண்ணாடத்துத் தூங்கானைமாடம். சூலக்குறியும் இடபக்குறியும் தோளில் பெற்றபின் அவர் பல தலங்களுக்கு நடந்தார் என்கிறது பெரியபுராணம். பக்திக் கதைதான், ஆனாலும் வாழப் பிடிக்கவில்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அது கேட்கப்பட்டது. இன்றோ, "சாக வேண்டும்போல இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று வீட்டார் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை, கேட்பதால் மனப்பாரம் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பூட்டிய பெட்டி

சாக முடிவெடுத்தவரை யார் தடுக்க முடியும் என்பது அடுத்த கேள்வி. கொந்தளிப்பு தணியும்வரை பூச்சிமருந்து கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், உழவர்கள் மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். இதைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் பங்காற்றினார். கிடங்கு இருந்த ஊர்களில் சாவு குறைந்தது. இலங்கையில் 1995-இல் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு, பத்தாண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ பாதியானது. வேறு வழி தேடிப் போவார்கள் என்ற வாதம் அங்கே பொய்த்தது.

ஒருவர் தற்கொலைக்கு முயன்றிருந்தால், போலீஸ் கேஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.