வானூர்தி ஆக்கமும் பொறுமையும்

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை இயக்கும் முறையை விசயைக்குப் பயிற்றுவித்த பின்னரே அவளை அதில் ஏற்றி அனுப்புகிறான். பொறியை ஆக்குதல் ஒன்று. அதனை நம்பி ஓருயிரை ஒப்படைத்தல் மற்றொன்று. இக்காலப் பயணிகள் விமானத் தொழிலின் உட்பொருளும் இதுவே எனலாம்.

நடுவே ஒரே நடைவழியும் இருபுறமும் இருக்கைகளும் அமைந்த விமானத்தைக் குறுகிய உடல் விமானம் என்பர். நீலகிரி மக்கள் மலையிறங்கிக் கோவையில் ஏறும் ஏர்பஸ் 320 இவ்வகையினதே. இத்தகைய விமானம் ஒன்றைப் பறக்கவிடுதல் பாதிப் பணியே ஆகும். அதன் சிறகு, பயணத்தில் தாங்க நேரும் மிகுதியான சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கவேண்டும். ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றால் பறத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் மெய்ப்பித்துச் சான்று பெறுவதற்கே பல ஆண்டுகள் கழிகின்றன.

சீனம் இதற்கென 2008இல் நிறுவனம் கண்டது. அதன் சி919 விமானம் 2017இல் பறந்தது; 2023இல்தான் பயணிகளை ஏற்றியது. அதற்கும் எஞ்சின் அயல்நாட்டினதே. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 2015இல் தன் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டும், சான்று பெற இயலாமல் 2023இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

நம் நாட்டு வரலாறு யாது? ஆங்கிலேயர் வடிவமைத்த ஆவ்ரோ 748 விமானம் கான்பூரில் உருவாகி 1961இல் பறந்தது. நாமே வடிவமைக்கும் வேட்கையால் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் 14 இருக்கைகள் கொண்ட சரஸ் என்னும் சிறு விமானத்தை ஆக்கியது. கூட்டாளியான ரஷ்ய நிறுவனம் விலகியது. 1998 அணுச் சோதனைக்குப் பின் வந்த தடைகளும் இடர் தந்தன. 2004இல் அது பறந்தபோது, திட்டமிட்டதைவிட எடை மிக்கிருந்தது. மிகும் எடை ஒவ்வொன்றும் பயணியின் இடத்தையோ எரிபொருளையோ உண்டுவிடும் அன்றோ! 2009 மார்ச் 6ஆம் நாள், எஞ்சினை வானிலேயே நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனையில், இரண்டாம் மாதிரி விமானம் பிடதி அருகே வீழ்ந்தது. விமானப்படையினர் மூவர் உயிர் துறந்தனர். பயணிகள் எவரும் அவ்விடரை அடையாதிருத்தற் பொருட்டே அவர்கள் அதனை மேற்கொண்டனர். திருத்திய சரஸ் 2018இல் மீண்டும் பறந்தது.

2025 அக்டோபரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் ரஷ்யாவின் எஸ்ஜே-100 என்னும் குறுகிய உடல் ஜெட் விமானத்தை இங்கு ஆக்குதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பிறர் வரைந்ததைச் செய்யும் திறன் வேறு, தாமே வரையும் திறன் வேறு என்பதைக் கான்பூர் அனுபவம் உணர்த்துகிறது. முன்னதை ஒப்பந்தத்தால் பெறலாம். பின்னதை உழைப்பாலும் தோல்வியைத் தாங்கும் உளத்தாலுமே பெறவேண்டும்.

தேயிலைக் கன்றை நட்டவர் மறுநாளே கொழுந்து வேண்டுவதில்லை. இம்மலையில் பயிலும் மாணவ மணிகள் அப்பொறுமையோடு அறிவியலைக் கற்பின், இறைவன் நாடினால், நம் கைவண்ணத்தில் ஒரு விமானம் வானேறும் நாளும் வரும்.