காய்ச்சல் விட்டாலும் மண்ணீரல் விடாது

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் கற்பிட்டியிலிருந்து வென்னப்புவை வரை பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும். இல்லத்தில் வென்றால் வலயம், பிறகு மாகாணம், அதற்கப்பால் அகில இலங்கை. பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடும் பிள்ளை இந்த வருடத்தைத் தவறவிட்டால், அடுத்த வருடம் தன்னைவிட மூத்தவர்களோடு ஓட வேண்டி வரலாம். 2022 ஜூலையில் சுவிற்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடி, பத்து விநாடிக்குள் வந்த முதல் தெற்காசியர் ஆனவர் யுபுன் அபேகோன். அவர் வென்னப்புவை புனித ஜோசப் வாஸ் கல்லூரியில் படித்தவர். ஆகவே இந்தக் கரையோரப் பிள்ளைகள் பெரிய கனவு காண்பதில் வியப்பில்லை. இந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகத்தான் மனம் சொல்லும்.

மழைக்குப் பிந்திய காய்ச்சல் என்றால் இங்கே முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இரத்தம் பார்த்து, டெங்கு இல்லை என்று தெரிந்ததும் வீட்டார் நிம்மதியடைகிறார்கள். நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. தொண்டை நோவு குறையாது. கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கும். தொண்டைக்குள் பார்த்தால் உள்நாக்கின் இரு மருங்கும் வெள்ளை படிந்திருக்கும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் விட்டாலும், மாடிப்படி ஏறினாலே கால் சோரும். பதின்ம வயதில் இப்படி வந்தால் மொனோநியூக்ளியோசிஸ் என்ற நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல் லண்டனில் அந்தனி எப்ஸ்டீன், இவோன் பார், பேர்ட் அச்சோங் ஆகியோர் ஆபிரிக்கக் குழந்தைகளின் புற்றுக்கட்டி ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். மொனோநியூக்ளியோசிஸோடு இதற்கிருந்த தொடர்பு பிலடெல்பியாவில் தற்செயலாக வெளிப்பட்டது. வேர்னர் ஹென்லே, கேர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளம்பெண் ஒருவரின் இரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் முன்பு இருந்ததில்லை. அவர் மொனோநியூக்ளியோசிஸில் விழுந்து எழுந்தபின் பார்த்தால், இருந்தது. 1968இல் அந்த முடிவு வெளியானது.

உலகில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேலானோர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். எச்சில் வழியாகத்தான் அது பரவும். சின்ன வயதில் தொற்றினால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். வீடுகள் சிறுத்து, பிள்ளைகள் தனித்து வளரும்போது தொற்று பதின்ம வயதுக்குத் தள்ளிப் போகிறது. அந்த வயதில்தான் அது ஆளைச் சாய்க்கிறது. வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்க உடல் பெரும் எண்ணிக்கையில் வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் சோர்வுக்கும் பெருமளவு காரணம் அந்தப் போர்தான். தொற்றி நாலு முதல் ஆறு வாரம் கழித்தே நோய் காட்டுவதால், யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை. ஆனால் ஓட்டம் முடிந்ததும் ஒரே தண்ணீர்ப் போத்தலை அணி முழுதும் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தை விடலாம்.

ஓடும் பிள்ளைக்கு உண்மையான ஆபத்து மண்ணீரலில் இருக்கிறது. இடது விலா எலும்புகளுக்கு உள்ளே, பொத்திய கையளவில் பத்திரமாக இருக்கும் உறுப்பு அது. இந்த நோயில் வெள்ளையணுக்கள் குவிந்து அது வீங்கி, விலாவின் காப்பைத் தாண்டிக் கீழே இறங்கும். அதன் மெல்லிய உறை இழுபட்டு நிற்கும். அது கிழிவது அரிது, நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். அடிபடாமலேகூடக் கிழியலாம். பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் நடக்கிறது. எங்கள் கரையோரப் பையன்கள் காலையில் ஓடிவிட்டு மாலையில் உதைபந்து ஆடுகிறவர்கள். முழங்கையோ முழங்காலோ இடது விலாவில் இடிக்க ஒரு கணம் போதும்.

மருந்து விடயத்தில் ஒரு எச்சரிக்கை. தொண்டை நோவு என்றதும் அமொக்சிசிலின் வாங்கிப் போடாதீர்கள். இது வைரஸ், அந்த மருந்துக்கு அசையாது. மாறாக, பலருக்கு உடல் முழுதும் செந்தடிப்பு எழும். அதைப் பார்த்து இன்னொரு நோய் என்று வீடே பதறும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அஸ்பிரினும் இபுபுரூபனும் கூடாது.

இந்த நோயைப் போலவே தோன்றும் வேறு தொற்றுகளும் உண்டு. 1983இல் பிரித்தானிய ஓட்டவீரர் செபஸ்தியன் கோ, காரணம் புரியாமல் தொடர்ந்து தோற்றார். நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தன. பரிசோதித்தபோது அது டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக சம்பியன்ஷிப்பை விட்டுவிட்டு ஓய்வெடுத்தார். அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸில் 1500 மீற்றரில் தங்கம் வென்றார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ரஃபாயல் நடாலை 2009 பிரெஞ்சு டென்னிஸ் போட்டியில் வீழ்த்திய ரொபின் சோடர்லிங், 2011இல் மொனோநியூக்ளியோசிஸ் வந்தபின் போட்டிக் களத்துக்குத் திரும்பவே இல்லை.

என் கருத்தில் பயிற்றுநர்கள் செய்ய வேண்டியது தெளிவானது. நோய் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் ஓட்டமே இல்லை, பாரம் தூக்குவதும் இல்லை. உதைபந்துக்கு இன்னும் சில வாரம் பொறுத்து, வைத்தியரிடம் கேட்ட பிறகே போகலாம். அதன்பின் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அதுவும் வழக்கத்தில் பாதி. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் நாடியை எண்ணிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு. மூன்று வாரத்தில் குறையும் வேகத்தைச் சில வாரப் பயிற்சியில் மீட்டுவிடலாம். நோயோடு ஓடினால் அந்தப் பயிற்சி உடலில் ஒட்டவும் ஒட்டாது, சோர்வு மாதக்கணக்கில் இழுபடவும் கூடும்.

பெற்றோரே, காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை இடது மேல்வயிறு நோகிறது என்றோ, அடிபடாமலே இடது தோள் நோகிறது என்றோ சொன்னால், விடியும்வரை காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போனதும் முதலில் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லுங்கள்.