ஒரே நாள் மண் தோண்டிய கோஃபர்கள்... 40 ஆண்டுகள் கழித்தும் தெரியும் பலன்!

1980, மே 18. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்துச் சிதறியது. 57 பேர் பலியானார்கள். சுற்றியிருந்த காடுகளைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. பிறகு பறவைகள் விதைகளைக் கொண்டுவந்து போட்டன. ஆனால், முளைத்த செடிகள் தேறவில்லை.

விதை இருந்தும் என்ன குறை?

பெரும்பாலான தாவரங்களின் வேர்களோடு ஒருவகைப் பூஞ்சை ஒட்டி வாழ்கிறது. வேர் எட்டாத இடத்துக்கும் நூல் நூலாகப் பரவி, நீரையும் பாஸ்பரஸ் போன்ற சத்துகளையும் இழுத்து வந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி, இலையில் தயாரித்த சர்க்கரையில் பங்கு தரும். இந்தக் கூட்டணிக்கு மைக்கோரைசா என்று பெயர். நம்மூர் விவசாயிகள் 'வேர் உட்பூசணம்' என்று வாங்கி இடும் உயிர் உரமும் இதில் ஒரு வகைதான். செயின்ட் ஹெலன்ஸில் இந்தப் பூஞ்சை இருந்த பழைய மண், நுரைக்கல்லுக்கு அடியில் புதைந்துகிடந்தது.

அதை மேலே கொண்டுவர 1983-ல் விஞ்ஞானிகள் அழைத்துப்போன ஆள்தான் கோஃபர். எலியைப் போல வளை தோண்டும் பிராணி. அந்த ஊர் விவசாயிகளுக்குத் தீராத தலைவலி! பத்துப் பன்னிரண்டு செடிகள் மட்டுமே இருந்த நுரைக்கல் பரப்பில் வேலி கட்டி, கோஃபர்களை ஒரே ஒரு நாள் விட்டார்கள். ஆறு ஆண்டுகளில் அங்கே 40,000 செடிகள். பக்கத்து நிலமோ பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அந்த ஒரு நாள் வேலையின் தாக்கம் இன்னமும் அங்கே மண்ணின் நுண்ணுயிர்களில் தெரிகிறது என்கிறது, 2024-ல் வெளியான ஆய்வு.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாம்பல் விழுந்த பழைமையான காட்டில் மரங்களின் ஊசியிலைகள் உதிர்ந்தன. வேர்ப்பூஞ்சைகள் அவற்றிலிருந்து சத்தெடுத்துக் கொடுக்க, சில இடங்களில் மரங்கள் உடனடியாகத் துளிர்த்தன. மலையின் மறுபக்கத்தில், எரிமலை வெடிக்கும் முன்பே மரங்களை மொட்டையாக வெட்டியிருந்த இடத்தில் பூஞ்சைக்குத் தீனி போட இலைகளே இல்லை. அங்கே இன்றும் பெரிதாக எதுவும் வளரவில்லை.

காடு வளர்ப்பு என்றாலே நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் பலரும் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள், நல்ல நிலையில் இருக்கும் காட்டிலிருந்து ஒரு பிடி மண்ணையும் கன்றோடு குழியில் போடுகிறார்கள். எந்தக் காட்டு மண் என்பதிலும் கவனம் வேண்டும். பைன் மரத்தோடு சேரும் பூஞ்சை வேறு. வேம்புக்கும் புளிக்கும் வேறு.